எழுதியது நான், பெயர் வேறொருவருடையது

கேள்வி: அக்கா, துணுக்காய்ப் பக்கம் எங்கள் ஊர். வவுனியாவில் தகவல் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் எடுத்தேன். இரண்டு வருடமாகக் கிளிநொச்சி டவுனில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் வேலை. கடைகளுக்கான பில் போடும் மென்பொருள் செய்கிறோம். ஒன்பது பேரில் நான் மட்டும்தான் பெண். டெவலப்பர் என்றுதான் எடுத்தார்கள். ஆனால் டெஸ்டிங், கடைக்காரர்களின் கோலுக்குப் பதில் சொல்வது, மீட்டிங் குறிப்பு எழுதுவது எல்லாம் என் தலையில். நான் எழுதும் கோடைச் சீனியர் அண்ணாவிடம் கொடுப்பேன், அவர்தான் கிட்டில் போடுவார். இந்த முறை சம்பள உயர்வு கேட்டேன். "உம்மடை டெக்னிக்கல் வேலை ஒண்டையும் காணேல்லையே" என்றார்கள். எனக்குத்தான் திறமை இல்லையோ? அம்மா கச்சான் போட்டு, மாடு வைத்து என்னைப் படிப்பித்தவர். "கொழும்பும் வேண்டாம், இரவு வேலையும் வேண்டாம், பட்டதாரி நியமனம் வரும், பொறு" என்கிறார். சம்பந்தம் ஒன்றும் பேசுகிறார்கள். இரவு வேலை என்றால் அவர்களும் யோசிப்பார்களாம். இதற்கிடையில் கொழும்பு நிறுவனம் ஒன்று, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. போகவா, விடவா? இன்னொன்று, ஒஃபிஸில் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பிறகு "சாப்பிட்டீரா, நித்திரையா" என்று வட்ஸ்அப் போடுகிறார். அது பெரிய விஷயமில்லை. பெயர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, மென்பொருள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்காருகிறவள் நான். அந்தக் கண்ணால் வாசித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். "நான் எழுதும் கோடைச் சீனியர் அண்ணாவிடம் கொடுப்பேன், அவர்தான் கிட்டில் போடுவார்." திறமை இருக்கிறதா இல்லையா என்று இரவு முழுக்கக் கிடந்து யோசிப்பதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி அந்த வரிக்குள் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை வாசிக்கும் அம்மாமாருக்காகவும் சொல்கிறேன். மென்பொருளில் யார், எந்த நாள், எந்த வரியை மாற்றினார் என்று பெயரோடு எழுதி வைக்கும் பதிவேடுதான் கிட். நீங்கள் எழுதியதை வட்ஸ்அப்பிலோ பென் டிரைவிலோ வாங்கி, தன் கணினியில் வைத்து அவர் கொமிட் பண்ணினால், அதாவது அந்தப் பதிவேட்டில் ஏற்றினால், எழுதியவர் அவர் என்றுதான் அது பதியும். களை பிடுங்கியது ஒருத்தி, நெல் மூட்டையில் பெயர் இன்னொருவருடையது. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதலாளி அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் நீங்கள் அங்கே இல்லை. "காணேல்லையே" என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த இடத்தில் உண்மையாகவே காணவில்லை.

சீனியர் அண்ணா திருடுகிறார் என்று நான் சொல்லவரவில்லை. பல சின்ன ஒஃபிஸ்களில் இது பழக்கமாகத்தான் தொடங்குகிறது. புதிதாக வந்தவர் கையை வைத்து ஏதும் உடைத்துவிடக் கூடாது என்று முதல் மாதம் அனுமதி கொடுக்காமல் விடுவார்கள். பிறகு அதை யாரும் மாற்றுவதில்லை. உங்களுக்குப் பின்னால் வந்த பெடியனுக்கு அந்த அனுமதி கிடைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிடைத்திருந்தால் அது பழக்கம் இல்லை, வேறு கதை.

திங்கட்கிழமை போனதும் உங்கள் கணினியில் கட்டளை அடிக்கும் டேர்மினலைத் திறந்து, கிட் கொன்ஃபிக் யூசர் டொட் நேம் என்று அடித்துப் பாருங்கள். யூசர் டொட் ஈமெயிலையும் அப்படியே பாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணினியைப் புதியவருக்குக் கொடுப்பதுதான் நம்மூர் வழக்கம். அதில் பழைய ஆளின் பெயரே இருந்தால், நீங்கள் உங்கள் கையால் கொமிட் பண்ணினாலும் அவர் கணக்கில்தான் விழும். கிட் பதிவேட்டை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் போன்ற தளங்கள் ஈமெயிலை வைத்துத்தான் யாருடைய வேலை என்று சேர்க்கின்றன. உங்கள் பெயரையும் ஈமெயிலையும் போட்டுவிடுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்தது அனுமதி. "எனக்கு அக்செஸ் தாங்கோ" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்ப்பம்" என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, நான் மெயினில் கை வைக்கமாட்டன். என்ரை பெயரில் ஒரு பிராஞ்ச் திறந்து புல் ரிக்வெஸ்ட் அனுப்புறன். நீங்கள் பார்த்துப் பிழை சொல்லி, சரியெண்டால் மெர்ஜ் பண்ணுங்கோ." மெயின் என்பது எல்லோருக்கும் பொதுவான மூலக் கோட், பிராஞ்ச் அதைத் தொடாமல் தனியே எழுதும் கிளை; அதைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது புல் ரிக்வெஸ்ட், சேர்ப்பது மெர்ஜ். உலகம் முழுக்க நடைமுறை இதுதான். அவருடைய மேற்பார்வை அப்படியே இருக்கிறது, எழுதியவர் பெயர் மட்டும் சரியாகப் பதிகிறது. இதை மறுக்க நியாயமான காரணம் ஒன்றும் கிடையாது. மறுத்தால் ஏன் என்பது உங்களுக்கும் விளங்கிவிடும். இருவர் சேர்ந்து எழுதிய வேலையென்றால், கொமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆதர்ட்-பை என்று ஒரு வரி சேர்த்து மற்றவர் பெயரையும் ஈமெயிலையும் போட்டால் இருவர் பெயரும் நிற்கும்.

போன இரண்டு வருடத்துக்கு என்ன செய்வது? கோடைக் கொப்பி பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது கொம்பனியின் சொத்து, வீண் வழக்குக்கு இடம். ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் நினைவில் இருக்கிறது, நீங்கள் சீனியருக்கு அனுப்பிய செய்திகளில் திகதியோடும் இருக்கிறது. ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த மாதம், எந்தப் பிழை, எந்தக் கடையில் என்ன நின்றுபோனது, நீங்கள் எதை மாற்றினீர்கள், பிறகு என்ன ஆனது. இன்டர்வியூவில் நாங்கள் கேட்பது இதைத்தான். "டீமில் ஒருவராக உதவி செய்தேன்" என்பவரை எனக்குப் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். "தள்ளுபடி போட்டால் பில்லின் மொத்தத்தில் சதம் பிசகியது, ரவுண்டிங் எந்த இடத்தில் நடக்கிறதென்று தேடிப் பிடித்து மாற்றினேன்" என்பவரை மறக்காது.

டெஸ்டிங்குக்கு வருவோம். அதை இழிவான வேலையாக நினைக்காதீர்கள். நல்ல டெஸ்டர் ஒருவர் நாலு டெவலப்பரின் மானத்தைக் காப்பாற்றுவார். பிரச்சினை, டெவலப்பர் என்று எடுத்துவிட்டுக் கேட்காமலே அங்கே தள்ளியதுதான். "பொம்பிளைப் பிள்ளைக்குப் பொறுமை கூட, கஸ்டமரோடையும் நல்லாக் கதைப்பா" என்று புகழ்ந்துகொண்டே தள்ளுவார்கள். இது இன்றைக்கு, நம்மூரில் தொடங்கியதுமில்லை. 1946இல் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகத்துக்குக் காட்டியபோது, அதற்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவதுதான் பெரிய வேலை, நிரல் எழுதுவது கிளார்க் வேலை போன்றது என்று அன்று நினைத்ததால்தான் அது பெண்களிடம் போனது. காட்சி முடிந்து நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கக்கூட இல்லை. பிறகு நிரல் எழுதுவதற்கு மதிப்பும் பணமும் வந்தது. 1980களின் நடுவில் அந்த நாட்டில் கணினி அறிவியல் பட்டம் எடுத்தவர்களில் 37 வீதம் பெண்கள். அதற்குப் பிறகு அது 20 வீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே தலைமுறைக்குள் பெண்களின் மூளை மாறிவிடவில்லையே! வீட்டுக் கணினி ஆம்பிளைப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் என்று விற்கப்பட்ட காலம் அது. நம் வீடுகளிலும் லப்டொப் முதலில் தம்பிக்குத்தானே. அக்கா வகுப்பு முடித்து ஐந்து மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும், அவன் ராத்திரி பதினொரு மணி வரை சிநேகிதன் வீட்டில் இருந்து பழகலாம்.

அதனால் டெஸ்டிங்கை விடாமலே கோட் பக்கம் திரும்புங்கள். கையால் ஒவ்வொரு பில்லாகப் போட்டுப் பார்ப்பதை, பிளேரைட் அல்லது செலினியம் என்ற சோதனைக் கருவியை வைத்துத் தானாக ஓடும் சோதனையாக எழுதுங்கள். அதுவும் நிரல்தான், அதுவும் கிட்டில் உங்கள் பெயரில்தான் ஏறும். கடைக்காரர்களின் கோல்களையும் வீணாக்க வேண்டாம். எந்தப் பிழை கடைக்காரனை எந்த நேரத்தில் கடுப்பேற்றுகிறது என்று அந்த ஒஃபிஸில் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வைத்து ஒரு பகுதியை முழுதாகக் கேளுங்கள். "பில் பிரிண்ட் பகுதியை நானே வடிவமைப்பு முதல் வெளியிடுவது வரை பார்க்கிறன்." சின்னச் சின்னத் துண்டுகளாக இருபது வேலை செய்வதைவிட, ஒன்றை முழுதாகச் செய்தது எடுபடும். மீட்டிங் குறிப்பு? "இந்தக் கிழமை நான் எழுதுறன், அடுத்த கிழமை ஆர்?" என்று எல்லோரும் இருக்கும்போது சிரித்துக்கொண்டே கேளுங்கள். அவ்வளவுதான். பேசி முடிவானதை எல்லாம் அன்றைக்கே ஒரு சின்ன ஈமெயிலாக முதலாளிக்கு அனுப்பி வையுங்கள்.

இனி, நீங்கள் பெரிய விஷயமில்லை என்று கடைசியில் தள்ளிய விஷயம். கடிதத்தில் எழுத நினைத்தீர்கள் என்றாலே உங்களுக்குள் அது உறுத்துகிறது. "சாப்பிட்டீரா" என்று கேட்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது. ஆனால் பதில் வருகிறதா என்று பார்ப்பதற்கான முதல் படியாகவும் அது இருக்கலாம். இரவில் பதில் போடாதீர்கள். காலையில், ஒஃபிஸ் நேரத்தில், ஒரே வரி: "வேலை விஷயமெண்டால் குரூப்பில் போடுங்கோ, இரவில் நான் ஃபோன் பார்க்கிறேல்லை." விளக்கமும் மன்னிப்பும் சிரிக்கும் முகப்படமும் வேண்டாம். நல்ல மனிதர் என்றால் அத்துடன் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஸ்கிரீன்ஷொட்டுகளைத் திகதி தெரிய எடுத்து உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். அவர் அழித்தாலும் உங்களிடம் இருக்கும். ஒன்பது பேர் கொம்பனியில் மனிதவளப் பிரிவு என்று ஒன்று இருக்காது, முதலாளியிடம்தான் போக வேண்டும். அவரும் தட்டிக் கழித்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இலிருந்து பாலியல் தொந்தரவைக் குற்றமாகச் சொல்கிறது. கை வைத்தால்தான் என்றில்லை, வார்த்தையால் செய்வதும் அதில் அடங்கும். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் வேண்டாத அணுகலையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்தில் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அங்கே போய்க் கதைத்தால் உடனே பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், என்ன வழி என்று கேட்டுவிட்டு வரலாம்.

அம்மாவின் பயத்தைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. 2009ஐக் கடந்து பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய்க்கு "இரவு" என்ற சொல் உங்களுக்குக் கேட்பதுபோலக் கேட்காது. அவர் பயப்படுவது மென்பொருளுக்கு இல்லை. ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியில் இறங்கி, மல்லாவிப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் அவருடைய கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு "உலகம் மாறிட்டுது அம்மா" என்று சொன்னால் பதிலாகாது. எந்த நாள் சுணங்கும், சுணங்கினால் யாரோடு வருவீர்கள், எந்த வீட்டில் தங்குவீர்கள், இதைச் சொல்லுங்கள். புதிய பதிப்பு வெளியிடுவதை இரவில் வைக்காமல் கடை திறக்கும் முன் காலையில் வைக்க முடியுமா என்று ஒஃபிஸில் கேளுங்கள். பெரும்பாலும் இரவு என்பது சோம்பலால் வந்த ஏற்பாடுதான். ஒருநாள் பகலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் இருக்கும் கதிரையைக் காட்டுங்கள். கேள்விப்பட்டதை வைத்துப் பயப்படுகிறவர்கள் பார்த்தபின் பாதி அடங்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதையே சொல்லுங்கள், ஆனால் கல்யாணத்துக்கு முன், பெரியவர்கள் இருக்கும்போது. "வேலையைத் தொடருவன், சில நாள் பின்னேரத்தில் வீட்டிலிருந்து ஒன்லைன் மீட்டிங் இருக்கும்." சரி என்றால் சரி. "கலியாணத்துக்குப் பிறகு பார்ப்பம்" என்று சொன்னால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையோடு தனியாகக் கதைக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால், அவருடைய வேலை நேரத்தையும் கேளுங்கள். அது ஏனோ யாரும் கேட்பதில்லை.

பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் போடுங்கள். போடுவதற்கு வேலையை விடத் தேவையில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. துணுக்காய், மல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்க உங்களைப்போல் தொழிலில் கை வைத்த ஒருவர் கிடைத்தால் அது அவர்களின் அதிர்ஷ்டம். ஆனால் அது உங்களுக்குப் பிடித்துப் போகும் இடமாக இருக்க வேண்டும், இங்கே தோற்றேன் என்று ஓடும் இடமாக இருக்கக் கூடாது. அரச சேவையில் சேர்ந்தால் வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி வேண்டும் என்பதையும் யோசியுங்கள். வரும்வரை பொறு என்று வீட்டில் சும்மா இருப்பதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். இந்தத் தொழிலில் இரண்டு வருட இடைவெளி பெரிய இடைவெளி.

கொழும்பு இன்டர்வியூவுக்குப் போங்கள். வீட்டிலிருந்து மென்பொருள் செய்வது கொரோனாக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்டெஃபனி ஷேர்லி என்ற பெண் 1962லேயே இங்கிலாந்தில் அதைச் செய்து காட்டினார். ஐந்து வயதில், 1939இல், தாய் தகப்பன் இல்லாமல் ரயிலேறி அகதியாகப் போன பிள்ளை அவர். வேலை செய்த இடங்களில் பெண் என்பதற்காக மேலே போக விடாததால், பிள்ளை பெற்று வேலையை விட்ட நிரலாளப் பெண்களைச் சேர்த்து, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு நிறுவனம் தொடங்கினார். முதல் முந்நூறு பேரில் மூன்று பேர்தான் ஆண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியதும் அவர்கள்தான். தன் பெயரில் கடிதம் எழுதினால் பதில் வருவதில்லை என்று "ஸ்டீவ்" என்று கையெழுத்துப் போட்டாராம். உங்களுக்கு அந்தத் தேவை வராது என்று நம்புகிறேன்.

வீட்டிலிருந்து செய்யும் வேலையில் மறைந்துபோவது இன்னும் சுலபம் என்பதையும் மறக்காதீர்கள். ஒஃபிஸில் முகமாவது தெரியும். அங்கே பதிவேட்டில் இருப்பது மட்டுமே நீங்கள்.

இன்டர்வியூவில் நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. முதலில், என்னை ஊழியராக எடுக்கிறீர்களா, ஒப்பந்தக்காரராகவா? ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர்கள் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் போட வேண்டும், பிரசவத்துக்கு 84 நாள் சம்பள விடுமுறை சட்டப்படி உண்டு. ஒப்பந்தம் என்றால் இவை எதுவும் இல்லை, அப்படியென்றால் கேட்கும் தொகை அதற்கேற்பக் கூட இருக்க வேண்டும். இரண்டு தொகையையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். அடுத்து, வாடிக்கையாளர் எந்த நாடு? லண்டன் என்றால் அவர்களின் ஒன்பது மணி கோடையில் நமக்குப் பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. வேலை முடிய இரவு ஒன்பதரை, பத்தரை ஆகும். மெல்பேர்ண் என்றால் விடியற்காலை மூன்றரை, நாலரைக்குத் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். மாடு வைத்திருக்கும் வீட்டில் அந்த நேரம் யாருக்கும் புதிதில்லை, அம்மாவுக்கும் பிடிக்கும்! லப்டொப் யார் தருவது, மாதத்தில் எத்தனை நாள் கொழும்புக்கு வர வேண்டும், தங்குமிடம் யார் செலவு என்பதையும் கேளுங்கள். வீட்டில் இரண்டு வேறு நெட்வேர்க் சிம் வைத்து, எந்த மூலையில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று ஒரு வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள். கரண்ட் போனால் ரவுட்டர் நிற்காமல் இருக்க சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

"கலியாணம் எப்ப?" என்று கேட்டால் கோபப்படாமல், "வேலை நேரத்தில் எனக்குப் பிரச்சினை இருக்காது, வேலை நேரம் எப்படியென்று சொல்லுங்கோ" என்று கேள்வியை அவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள். இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், எதிர்பார்க்கும் தொகையைச் சொல்லுங்கள். கிளிநொச்சிச் சம்பளத்துக்கு மேல் பத்து வீதம் போட்டுத் தருகிறோம் என்று முடிக்கத்தான் அந்தக் கேள்வி. பதிவுக்கு என்று யாராவது காசு கேட்டாலோ, அசல் பட்டச் சான்றிதழைத் தங்களிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் சரிவந்தாலும், கையொப்பமிட்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை இங்கே ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.